ஏழாவது பங்கு

கடலூர் சோனங்குப்பத்தில் பூவரசன் வீடு எது என்று கேட்டால், "அபுதாபி வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, வாசல் சுவரில் பச்சை டைல்ஸ். பதினேழு வருஷம் வெளிநாட்டில் சமைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு. அந்தப் பதினேழு வருஷத்தில் அவர் ஊருக்கு வந்த விடுமுறை நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது.

2024 மே மாதம் நிரந்தரமாகத் திரும்பி வந்தார். அப்போது வயது ஐம்பத்தாறு. அபுதாபி முசாஃபாவில் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் அவர் சமையல்காரர். கம்பெனி கேம்ப் சமையற்கட்டை மூடிவிட்டு, சாப்பாட்டை வெளியே ஒரு கேட்டரிங் ஆளுக்குக் கொடுத்துவிட்டது. விசாவை ரத்து செய்து டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மனைவி குப்பு இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சாவுக்கு மூன்றாம் நாள்தான் அவரால் வந்து சேர முடிந்தது. ஒரே மகள் சினேகா கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள்.

இருநூறு பேருக்கு உப்புப் போட்டுப் பழகிய கை. ஒரு ஆளுக்குச் சமைக்க வரவில்லை. அரிசியைக் குறைத்துத்தான் போடுவார், வெந்ததும் பார்த்தால் நாலு பேர் சாப்பிடலாம். மிஞ்சியதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். முதல் வாரம் சந்தோஷமாக வாங்கினார்கள். மூன்றாவது வாரம், "எங்களுக்கும் ஆக்கிட்டோம்ண்ணே" என்றார்கள். அதன்பிறகு கடலூர் முதுநகரில் ஒரு ஓட்டலில் இட்லியும் பார்சல் சாப்பாடுமாக ஓட்டினார். அவர் வயசுக்காரர்கள் எல்லாரும் கடலுக்குப் போய்வந்து வலை, டீசல், துறைமுகத்து ஏலம் என்று பேசினார்கள். பூவரசனுக்கு அதில் சேர்ந்து பேச ஒன்றும் இல்லை. அவர் பேசினால் கேம்ப் கதை வந்தது. ஒருமுறை கேட்டார்கள், இரண்டுமுறை கேட்டார்கள்.

மிச்சமிருந்தது போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப். பெயர் 'ரூம் 14'. கேம்ப்பில் அவர் இருந்த அறை அது. எட்டுக் கட்டில், எட்டுப் பேர். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதைத்தான் படிப்பார். புதுக் கேட்டரிங்காரனின் சாப்பாட்டைப் போட்டோ எடுத்துப் போட்டு, "மாமா, சாம்பார்ல பருப்பத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்று எழுதியிருப்பார்கள். பூவரசன் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். பதிலுக்குத் துறைமுகத்தில் வந்த மீனைப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அபுதாபியில் மாதாமாதம் ஒரு பெரிய பரிசுச்சீட்டுக் குலுக்கல் நடக்கும். ஒரு சீட்டு விலை ஐந்நூறு திர்ஹம். ஒருவனால் வாங்க முடியாது. ஆகவே ஏழு பேர் ஆளுக்கு எழுபத்திரண்டு திர்ஹம் போட்டு ஒரு சீட்டு எடுப்பார்கள். ஒன்பது வருஷமாக எடுத்தார்கள். ஒருமுறைகூட விழவில்லை. சீட்டு எப்போதும் கதிரவன் பெயரில் இருக்கும். பெண்ணாடத்துக்காரன், முப்பத்தொரு வயசு, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன்.

எட்டாவது ஆள் ரஹ்மத்துல்லா. பரங்கிப்பேட்டைக்காரர், பூவரசன் வயசுதான்; அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், சின்னவர்கள் அவரை 'காக்கா' என்று கூப்பிடுவார்கள். அவர் சூதாட்டக் காசைத் தொடமாட்டார். ஆனால் பணம் போட்டவர்கள் பெயரை மாதாமாதம் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவது அவர்தான்.

"இத எழுதுறதே பாவந்தான்" என்பார். "எழுதலன்னா ஒருநாளு நீங்க ஒருத்தன ஒருத்தன் அடிச்சிக்குவீங்க. அதுக்கு இது தேவல."

அந்த வருஷம் மார்ச் கடைசியில் வழக்கம்போல ஏழு பேரும் பணம் போட்டார்கள். தாளில் ஏழாவதாகப் பூவரசன் பெயர் இருந்தது. சீட்டு எடுக்கப் போனால் விற்பனை நின்றிருந்தது. அந்த நாட்டில் பரிசுச்சீட்டுகளை ஒழுங்குபடுத்தப் புதிதாக ஓர் அமைப்பு வந்திருக்கிறது, அது அனுமதி கொடுக்கும்வரை குலுக்கல் இல்லை என்றார்கள். பணத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார்கள். ஏப்ரல் போனது. மே மாதம் பூவரசன் கிளம்பினார். கிளம்பும் பரபரப்பில் டப்பாவில் கிடந்த எழுபத்திரண்டு திர்ஹம் அவருக்கும் நினைவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை. ஜூன் தொடக்கத்தில் ரஹ்மத்துல்லாவைக் கம்பெனி ரூவைஸ் பக்கம் வேறு கேம்ப்புக்கு மாற்றியது.

ஜூலை முதல் வாரத்தில் 'ரூம் 14' திடீரென்று ஓய்ந்துபோனது.

பூவரசன் காலையில் வணக்கம் போட்டார். பதில் இல்லை. அடுத்த நாள் ஒருவன் குரூப்பை விட்டு வெளியேறினான். பிறகு இரண்டு பேர். ஒரு வாரத்தில் ஆறு பேரும் போய்விட்டார்கள். பூவரசனும், கம்பெனி வேலைக்கு நடுவில் குரூப்பைத் திறந்தே பார்க்காத ரஹ்மத்துல்லாவும் மட்டும் மிஞ்சினார்கள். கதிரவனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை.

தான் கடைசியாக அனுப்பியதை எடுத்துப் பார்த்தார். ஒரு முழு வஞ்சிரத்தின் படம், கீழே 'ஃப்ரெஷ்ஷா வந்துது' என்று ஒரு வரி. பருப்பில்லாத சாம்பார் சாப்பிடுகிறவர்களுக்கு இதைப் போய் அனுப்பினோமே, மனசு சங்கடப்பட்டிருப்பார்களோ என்று நினைத்தார். அந்தப் படத்தை அழித்துப் பார்த்தார். இரண்டு மாதம், என்ன தப்பாகப் பேசினோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். ரஹ்மத்துல்லாவும் இப்போது அந்த அறையில் இல்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சினேகாவிடம் ஒருநாள் சொன்னார். "வேலையா இருப்பாங்கப்பா, விடு" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் ரஹ்மத்துல்லா விடுமுறையில் வந்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, பேரீச்சம்பழப் பெட்டியும் கோடாலித் தைலமுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். பூவரசன் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து டீ போட்டார். அன்றைக்கு டீகூட நாலு டம்ளருக்கு வந்தது.

"என்ன மச்சான், ஒம்பங்க இன்னா பண்ண?" என்றார் ரஹ்மத்துல்லா. "பேங்க்ல போட்டியா?"

"எந்தப் பங்கு?"

"சீட்டு வுழுந்துச்சே. ரூமுக்கு."

பூவரசன் டம்ளரைக் கீழே வைத்தார். ரஹ்மத்துல்லா அவர் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"ஒனக்கு யாருமே சொல்லலையா? ஜூன்ல மறுபடியும் வித்தானுவோ. டப்பாவுல இருந்த காசத்தான் எடுத்துப் போயிருக்கானுவோ. மூணரை லட்சம் திர்ஹம். ஆளுக்கு அம்பதாயிரம். இப்ப வர்றதுக்கு முன்னாடிதான் எனக்கே ஒருத்தன் சொன்னான். ஒனக்கு வந்திருக்கும்னு நெனச்சேன்."

நம் பணத்தில் அது பதினொன்றரை லட்சம். ஆனால் பூவரசன் முதலில் சொன்னது வேறு.

"அதான் போயிட்டானுவளா? நான் எதாச்சும் தப்பா பேசிட்டேன்னு இருந்தேன், மச்சான்."

ரஹ்மத்துல்லா அங்கேயே உட்கார்ந்து கதிரவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். பூவரசன் பக்கத்தில் இருப்பதைச் சொல்லவில்லை.

"காக்கா, அவரு விசா முடிச்சிக்கிட்டுப் போயிட்டாரு" என்றான் கதிரவன். "இங்க இருக்குற எங்களுக்கு வரி கெடயாது. அவரு இப்ப இந்தியாவுல இருக்குற ஆளு. அனுப்புனா முப்பது பர்சன்ட் கவர்மென்ட்டு புடுங்கிக்கும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்க ஆறு பேரு மேலயும் விசாரண வரும். எதுக்கு வம்பு?"

"டப்பாவுல அவன் காசு இருந்துச்சா இல்லியா?"

"எழுபத்திரண்டு திர்ஹமத் திருப்பிக் குடுத்துடுறேன் காக்கா."

ரஹ்மத்துல்லா போனை வைத்துவிட்டார். பூவரசன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

இரண்டு நாள் கழித்து ரஹ்மத்துல்லா அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனார். மேல வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஆடிட்டர் கலைமணியின் ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர் அந்த அம்மாவிடம்தான் கணக்குக் காட்டுவார்கள். அவர் ரஹ்மத்துல்லா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பூவரசன் பக்கம் திரும்பினார்.

"பாஸ்போர்ட் கொண்டாந்திருக்கீங்களா அண்ணே? பழசும் சேத்து?"

மூன்று பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். கலைமணி ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்து ஒரு தாளில் நாள் கணக்கு எழுதினார். எழுதிக்கொண்டே பேசினார்.

"இது ஊருக்கு ஒரு மாதிரி அண்ணே. பாலக்காட்டுல மேஸ்திரி வேல பாக்குறவரு ஒருத்தரு, கேரளா லாட்டரி வுழுந்து வந்தாரு. கையில குடுக்கறதுக்கு முன்னாடியே முப்பது பர்சன்ட் புடிச்சிட்டுத்தான் குடுத்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல சீட்டு விக்கவே கூடாது, தட போட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. லண்டன்ல ஜெயிச்சவங்க ஒரு பைசா கட்டத் தேவையில்ல, அங்க சீட்டு நடத்துறவன்கிட்ட வாங்கிக்கிறாங்க. அமெரிக்காவுல வெளிநாட்டுக்காரன் ஜெயிச்சா அங்கயே முப்பது போயிடும். அபுதாபியில ஒண்ணுமே கெடயாது."

"அப்ப நான் கட்டணுமா மேடம்?"

"அதுக்குத்தான் எண்ணுறேன். ஜெயிச்ச வருஷத்துல எந்த நாட்டுல எத்தன நாளு இருந்தீங்க, அதுக்கு முன்னாடி பத்து வருஷம் எங்க இருந்தீங்க, அதான் கேள்வி." எண்ணி முடித்தார். "மே மாசமே வந்துட்டீங்க. இந்த வருஷம் பாதிக்கு மேல இங்கதான் இருப்பீங்க. அதனால நீங்க இந்தியாவுல வசிக்கிறவரு. ஆனா முன்னாடி பத்து வருஷமும் வெளியிலயே இருந்திருக்கீங்க. அதுக்குச் சட்டத்துல தனியா ஒரு பேரு இருக்கு. வசிப்பவர், ஆனா வழக்கமாக வசிப்பவர் அல்லாதவர்."

பூவரசன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அப்ப நான் எந்த ஊரு ஆளு மேடம்?"

அவர் ஃபாரத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று கலைமணி நினைத்தார். "கடலூருதான் அண்ணே. அட்ரஸ் கடலூருன்னே போட்டுக்கலாம்."

பிறகு விளக்கிச் சொன்னார். இப்படிப்பட்டவர் வெளிநாட்டில் சம்பாதித்தது வெளிநாட்டிலேயே கைக்கு வந்துவிட்டால் இங்கே வரி இல்லை. ஆனால் அது முதலில் இங்கேதான் கைக்கு வந்தது என்று ஆனால் முப்பது சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. நண்பன் சும்மா கொடுத்தது போலத் தெரிந்தாலும் வம்பு, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் அதுவும் வருமானம்தான். ஆகவே ஒரு தாள் வேண்டும். ஏழு பேர் சேர்ந்து வாங்கிய சீட்டு இது, ஏழாவது பங்கைப் பூவரசனுக்காக அபுதாபியிலேயே கதிரவன் பெற்று வைத்திருக்கிறான் என்று எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் மாதத் தாளின் போட்டோவும் வேண்டும்.

போட்டோ இருந்தது. ஆறு பேர் கையெழுத்து வேண்டுமென்றால் ஆறு பேரிடமும் பேசியாக வேண்டும்.

"நான் பேசுறேன்" என்றார் ரஹ்மத்துல்லா.

"வேணாம்" என்றார் பூவரசன். "நானே பேசுறேன்."

மறுநாள் சாயங்காலம் வீட்டு மாடியில் நின்றுகொண்டு கதிரவனைக் கூப்பிட்டார். இந்த முறை எடுத்துவிட்டான். கேம்ப்புக்கு வந்த முதல் வருஷம் அவனுக்கு மஞ்சள்காமாலை. இருபது நாள் உப்பில்லாக் கஞ்சியும் மோருமாகப் பூவரசன்தான் பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார்.

"நல்லாருக்கியா கதிரு?"

"மாமா... திட்டிடுங்க மாமா."

"திட்டல. வரி இல்லியாம். ஆடிட்டரு சொன்னாங்க. ஒங்க யாருக்கும் ஒண்ணும் வராதாம். கையெழுத்து மட்டும் போடணுமாம்."

கதிரவன் அழுதானா, சளியா என்று தெரியவில்லை. "ஒங்க பங்க ஆறா பிரிச்சோம் மாமா. ஆளுக்கு எட்டாயிரம் சொச்சம் கூட வந்துது. அவ்ளோதான். அதுக்குப் போயி குரூப்ப வுட்டு ஓடிட்டோம். அப்பறம் ஒங்களுக்கு எப்புடிப் போன் பண்றதுன்னு தெரியல."

"என் கட்டில்ல இப்ப யாரு படுக்குறாங்க?"

"ஒரு பீகார்க்காரரு மாமா."

"ஃபேன் சுவிச்சு கொஞ்சம் லூசா இருக்கும். பாத்துப் போடச் சொல்லு."

அக்டோபரில் ரஹ்மத்துல்லா மறுபடி கிளம்பினார். கிளம்புவதற்கு முன் ஒருநாள் மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தார் பூவரசன். சங்கரா மீன் குழம்பு வைத்தார், வறுவல் போட்டார். அன்றைக்கு அளவு சரியாக இருந்தது. ரஹ்மத்துல்லா இலை முன்னால் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மீனு எந்தக் காசுல வாங்குன?"

"சம்பளத்துல சேத்தது. சீட்டுக் காசு இன்னும் வர்ல, மச்சான்."

"வந்தா சொல்லு. அதுல வாங்குனா எனக்கு வேணாம். கோச்சிக்காத."

"ஒனக்கு ஒரு நல்ல போனு வாங்கித் தரலாம்னு இருந்தேன்."

"வேணாம்." ரஹ்மத்துல்லா இன்னொரு கரண்டி குழம்பைத் தானே ஊற்றிக்கொண்டார். "ஒன் நாயத்துக்காக நின்னேன். காசுக்கு நிக்கல."

தன் பக்கம் நின்ற ஒரே ஆளுக்கு அந்தப் பணத்தில் ஒரு வேளைச் சோறுகூடப் போட முடியாது என்பது பூவரசனுக்கு அன்றைக்கு முழுக்க உறுத்தியது. மாலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

கையெழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. டிசம்பரில் பணமும் வந்தது, பதினொரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். கலைமணி தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வைத்தார். சினேகா ஓசூரில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு லட்சம் அனுப்பினார். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா, ஞாயித்துக்கிழம நிதானமாப் பேசுறேன்" என்றாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

கதிரவன் 'ரூம் 14' குரூப்பில் திரும்பச் சேர்ந்து மற்ற ஐந்து பேரையும் சேர்த்தான். எல்லாரும் கும்பிடும் கையைப் போட்டார்கள். அதோடு நின்றுவிட்டது. பொங்கலுக்குப் பூவரசன் பானையைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு கட்டைவிரல் வந்தது. சாம்பாரில் பருப்பு இல்லை என்று யாரும் எழுதவில்லை. கொடுத்தவர்களுக்கும் கூச்சம், வாங்கியவருக்கும் கூச்சம். அவர்கள் வேறொரு குரூப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பங்கை விட்டுக் கொடுத்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்குமோ என்று சில நாள் தோன்றும். அதுவும் மிஞ்சியிருக்காது என்றும் தோன்றும்.

2025 ஜூலையில் வருமானக் கணக்குத் தாக்கல் செய்யச் சிதம்பரம் போனார். கலைமணி கம்ப்யூட்டரில் போட்டு முடித்து, கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை என்றார். அப்போது ஆபீசுக்கு ஒருவர் வந்தார். அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறவர். சமையல்காரர் ஓடிப்போய்விட்டார், கல்லூரி திறந்துவிட்டது, நூற்றிருபது பேர் சாப்பிடுகிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார்.

"நூத்தியிருபதா?" என்றார் பூவரசன். "நான் வர்றேன்."

"எங்கேர்ந்து வருவீங்க?"

"கடலூர். தங்க எடம் இருக்கா?"

"மாடியில ரூமு இருக்கு. நாலு பேரு படுக்குறாங்க. வசதி இருக்காதுங்க, ஒங்களுக்குத் தோதுப்படுமோ என்னவோ..."

"பரவால்ல. அஞ்சாவதா ஒரு கட்டிலப் போட்டுடுங்க."

சோனங்குப்பத்தில் சிரித்தார்கள். மூன்று அறை வீட்டைப் பூட்டிவிட்டு, பேங்கில் பணத்தை வைத்துக்கொண்டு, மெஸ்ஸில் போய்க் கரண்டி பிடிக்கிறாராம். சினேகா போனில் கோபப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாள். "வந்து பாரு" என்றார். அவள் இதுவரை வரவில்லை.

முதல் நாள் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெஸ் முதலாளி ருசி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு எல்லாரும் மாடிக்குப் போய்ப் படுப்பார்கள். மற்ற நாலு பேரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவரவர் போனில் இருப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. ஒருவர் புரண்டால் கட்டில் கிறீச்சிடும், ஒருவர் தும்முவார். அந்தச் சத்தத்தில் பூவரசனுக்குக் கண் சொருகிவிடும். பச்சை டைல்ஸ் வீட்டில் ஒரு வருஷமாக அவர் பகலில் தூங்கியதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம் பக்கத்துக் கட்டிலில் அருண்குமார் எழுந்து உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். பரிமாறுகிற ஆள், கீரப்பாளையத்துக்காரர், நாற்பது வயசு. பணம் வைத்து ஆடுகிற ரம்மியை மத்திய அரசே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது என்று இரண்டு நாளாகவே அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? அபுதாபியில சீட்டு வுழுந்தா டேக்ஸே கெடயாதாமே? நெசமா?"

பூவரசன் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார்.

"கெடயாது" என்றார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? வாங்கிப் பாத்திருக்கீங்களா?"

சொல்ல ஆரம்பித்தால் பிஸ்கட் டப்பாவிலிருந்து சொல்ல வேண்டும். ஆறு பேரையும் சொல்ல வேண்டும். பூவரசன் எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பைக் காலால் துழாவினார்.

"மணி நாலாவப் போவுது. வா, வெங்காயம் உரிக்கணும்."

அருண்குமார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினார்.